வாத்தியாரே, அந்தச் சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் மூடி வையும்

வாரும் வாத்தியாரே, உக்காரும். அந்தக் கல்லு சுடும், துண்டை விரிச்சு உக்காரும். பள்ளிக்கூடத்து வாசல்ல நீரு ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் படிச்சேன். "நான்கு, ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்கான கவிதைப் போட்டி. தலைப்புகள்: தாய்மை, மரம் வளர்ப்போம், தமிழின் பெருமை. பன்னிரண்டு வரிகளுக்கு மிகாமல்." அடேயப்பா! ஒன்பது வயசுப் பயகிட்டத் தாய்மையைப் பத்திக் கேக்கதுக்கு உம்மை விட்டா இந்த ஒன்றியத்துல ஆளு கிடையாது. பேரன் பேத்தி எடுத்த எனக்கே அது இன்னும் முழுசாப் பிடிபடல.

கோவிச்சுக்கிடாதேயும். உம்ம எண்ணம் நல்ல எண்ணம். பிள்ளைக கவிதை எழுதணும்னு நினைக்கிற வாத்தியாரு எத்தனை பேரு இருக்காக? மத்தவக வருகைப் பதிவையும் செல்போன்ல ஏத்துற கணக்கையும் கட்டி அழுதுட்டு நாலேகால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுதாக. நீரு இருந்து மெனக்கெடுதீரு. அதனாலதான் கூப்பிட்டேன். நான் படிச்சது அஞ்சாங்கிளாஸு. அதனால கவிதையைப் பத்திப் பேசுறதுக்கு எனக்குத் தகுதி நிறைய உண்டு. அதுக்கு மேல படிச்சவகளுக்குத்தான் கவிதைன்னா காய்ச்சல் வருது.

முதல்ல உம்ம போட்டி எங்க வீட்டுல எப்படி நடந்துச்சுங்கிறதைச் சொல்லுதேன். என் பேரன் உம்ம நாலாங்கிளாஸ்லதான படிக்கான்? நோட்டீஸ் ஒட்டின அன்னைக்குச் சாயங்காலம் பையைத் தூக்கி எறிஞ்சுட்டு, "எம்மா, நாளைக்குத் தாய்மை வேணும்"னான். சார்ட் அட்டையும் பசையும் கேக்கிற அதே குரலு. என் மருமக அடுப்புல குழம்பை வச்சுட்டுச் செல்போனை எடுத்து அதுகிட்டக் கேட்டா. அரை நிமிசத்துல கொட்டுச்சு பாரும்! கருவறை, தியாகம், மெழுகுவர்த்தி, நடமாடும் தெய்வம், ஒண்ணு பாக்கியில்ல. பய அதை முத்து முத்தா எழுதி, சுத்திப் பூ வரைஞ்சு கொண்டாந்தான். நீரும் "மிக நன்று" போட்டு நட்சத்திரம் ஒட்டினீரு. எழுதினது செல்போன், படியெடுத்தது பேரன், சந்தோசப்பட்டது நீரு. அடிபிடிச்ச குழம்பைத் தின்னது நான்.

அதே ராத்திரி, அதே பய, தட்டுக்கு முன்னால உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தான். பெறவு சொல்லுதான்: "ஆடு தழை திங்கும்போது தாடி ஆடுது. தாத்தா வெத்தலை போடும்போதும் தாடி ஆடுது. ஆட்டுக்கு மட்டும் ஏன் சுண்ணாம்பு இல்ல?" என் மருமக அவன் தலையில நங்குன்னு ஒரு குட்டு வச்சா. பெரியவுகளை மரியாதை இல்லாமப் பேசுதானாம். நான் கேட்டேன், "ஏம்மா, தாய்மைக்கு நட்சத்திரம், தாடிக்குக் குட்டா? இது எந்த ஊரு நியாயம்?"

நான் சொல்ல வந்தது இதுதான் வாத்தியாரே. பிள்ளைகளுக்குக் கவிதை சொல்லிக் கொடுக்கணும்னு நீரு ஒண்ணும் தவம் கிடக்க வேண்டாம். அதுக வாயில தானா வாறதைக் குட்டாம இருந்தாப் போதும். கேக்க லேசா இருக்கும். இருந்து பாத்தாத் தெரியும், பிரம்பைக் கீழ வைக்கிறதை விட அது கஷ்டம்.

எட்டயபுரம் நமக்குக் கூப்பிடு தூரத்துல இருக்கு. அதுவே நமக்கு வினையாப் போச்சு. 1893-ல பதினோரு வயசு சுப்பையாவுக்கு அரண்மனைச் சபையில பாரதின்னு பட்டம் கொடுத்தாகன்னு, எந்த ஆண்டுவிழாவுக்குப் போனாலும் ஒருத்தரு மைக்கைப் பிடிச்சுச் சொல்லுதாரு. கேட்ட அப்பன்மாரெல்லாம் பக்கத்துல மூக்கை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கிற பயலைப் பாத்துப் பெருமூச்சு விடுதாக. அந்தச் சுப்பையாவோட அப்பா சின்னசாமி ஐயரு, பையன் கணக்கும் இங்கிலீஷும் படிச்சுப் பெரிய வேலைக்குப் போகணும்னுதான் ஆசைப்பட்டாரு. அதை மட்டும் மைக்குல யாரும் சொல்லுறதில்ல. பஞ்சாலை வச்ச மனுசன் அவரு. பாட்டு எத்தனை பேல் தேறும்னு பாக்காம இருந்திருப்பாரா?

பிள்ளைகளுக்காகப் பெரியவக எழுதின பாட்டுக்குத் தமிழ்ல பஞ்சமில்ல. ஔவையாரு ஆத்திசூடி இருக்கு. 1915-ல பாரதி பாப்பா பாட்டு எழுதினாரு. தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எழுதினாரு, அவரு உம்ம சாதி, வாத்தியாரு வேலை பாத்தவரு. ராயவரத்து அழ. வள்ளியப்பா பேங்குல உத்தியோகம் பாத்துக்கிட்டே பிள்ளைகளுக்குப் பாட்டா எழுதித் தள்ளினாரு. 1950-ல குழந்தை எழுத்தாளர்களுக்குன்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சாரு. எல்லாம் சரி. இது மேல இருந்து கீழ வந்த சரக்கு. கீழ இருந்து மேல வந்தது எங்க? பிள்ளைக சொன்னதை யாரு கேட்டு வாங்கி வச்சோம்? அரசாங்கம் கூட 2022-ல முழிச்சுக்கிட்டு நாலு, அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குன்னு 'ஊஞ்சல்' பத்திரிகையை ஆரம்பிச்சிருச்சு. அது எங்கன இருக்குன்னு ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டேன். பீரோவுல பத்திரமா இருக்காம். பிள்ளைக கை பட்டா அழுக்காயிருமாம். ஊஞ்சலைக் கட்டிப் பூட்டி வச்ச புண்ணியவான்க!

வழி என்னன்னு கேக்கீரு. சொல்லுதேன். எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு மூணாப் பிரிச்சு வச்சிருக்கீரு. பேரு வச்ச மகராசன் பாதிக் கவிஞன். ஆனா கவிதைன்னு வந்தா நீரு என்ன செய்யுதீரு? மலருல நாலு பேரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுதீரு. அரும்பு எல்லாம் ஓரமா உக்காந்து ஸ்லேட்டைத் தேய்க்கணும். நான் சொல்லுதேன், அரும்புகிட்டத்தான் சரக்கு இருக்கு. எழுத்து இன்னும் கைக்கு வராத பிள்ளைக்கு எழுத்துப் பிழைப் பயம் கிடையாது. அதுக்கு வாய் இருக்கு, உமக்குக் கை இருக்கு. அது சொல்லட்டும், நீரு எழுதும். கணக்குப்பிள்ளை வேலையைப் பாரும்.

எங்க தெருவுல ரெண்டாங்கிளாஸ் படிக்கிற ஒரு பிள்ளை இருக்கா. ஆனா ஆவன்னாவே அவளுக்கு அடம் பிடிக்குது. 'இ' எழுதச் சொன்னா கொக்கியை எந்தப் பக்கம் மாட்டுறதுன்னு நாக்கைத் துருத்திக்கிட்டு யோசிப்பா. அவ அம்மா தீப்பெட்டி ஆபீஸுல கட்டை அடுக்கப் போறவ. ஒருநாள் திண்ணையில உக்காந்து என்கிட்டச் சொல்லுதா: "எங்கம்மா கையில மருந்து வாசம் அடிக்கும். ராத்திரி அந்தக் கையால என் தலையைத் தடவுவா. காலையில எந்திரிச்சா நான் தீக்குச்சி." எனக்குப் போட்டிருந்த வெத்தலை தொண்டையிலேயே நின்னுருச்சு. சொல்லிட்டு அவ பாட்டுக்குப் பாண்டி ஆடப் போயிட்டா. உம்ம போட்டியில தாய்மைன்னு தலைப்புப் போட்டீரே, அந்தத் தலைப்புக்கு நூத்துக்கு நூறு வாங்க வேண்டியவ இவ. இவ பேரு உம்ம பட்டியல்லயே கிடையாது.

நான் அப்பவே பேத்தியைக் கூப்பிட்டு அதைக் காலண்டர் தாளுக்குப் பின்னால எழுதச் சொன்னேன். மறுநாள் அந்தப் பிள்ளைகிட்ட, "இந்தா பாரு, நீ சொன்னது"ன்னு காட்டினேன். அவ அந்தத் தாளை வாங்கி, "இதுல எது தீக்குச்சி?"ன்னு கேட்டா. விரலை வச்சுக் காட்டினேன். அந்த ஒரு வார்த்தையைத் தடவிக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. உம்ம பாடப் புத்தகத்துல மரத்துப் படம் போட்டு 'ம'ன்னு எழுதி வச்சிருக்கே, அதை அவ ஒருநாளும் அப்படித் தடவினதில்ல. தன் வாயில இருந்து விழுந்ததுன்னா எழுத்து மேல பிள்ளைக்கு ஒரு பாத்தியதை வந்துருது.

அடுத்து தலைப்பு. தலைப்புங்கிறதையே கொஞ்ச நாளைக்குத் தலைமுழுகிரும். மரம் வளர்ப்போம்னு போட்டா அதுக எல்லாம் அரசாங்கச் சுவரொட்டி ஆயிருதுக. மரத்தைக் காப்போம், மழையைப் பெறுவோம்னு எழுதிட்டு வெளிய வந்து அதே வேம்புல கல்லை விட்டு எறியுதுக. மரத்தைப் பத்தி வேணும்னா வெளிய கூட்டிக்கிட்டுப் போயி, ஒரே ஒரு கொப்பைக் காட்டி, அதுல என்ன நடக்குதுன்னு சொல்லச் சொல்லும். கிட்டத்துல இருக்கிறதைக் கேளும். திங்கக்கிழமை காலையில பள்ளிக்கூடத்துல உப்புமா போடுதாகள்ல? 2022-ல மதுரையில ஆரம்பிச்சு, அடுத்த வருசமே அரசு ஆரம்பப் பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் வந்த காலைச் சாப்பாடு. அதைத் தின்னு முடிச்சுக் கை கழுவுறதுக்கு முன்னால கேளும், "தட்டுல என்ன மிச்சம் இருக்கு?"ன்னு. அஞ்சாங்கிளாஸ் பய ஒருத்தன் என்கிட்டச் சொன்னது இது: "கருவேப்பிலை தட்டோரம் ஒதுங்கி நிக்குது, பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த பய மாதிரி." அந்தப் பய போன வருசம் திருப்பூர்ல இருந்து வந்து சேந்தவன். அவன் கருவேப்பிலையைத்தான் சொன்னானா, வேற யாரையும் சொன்னானான்னு நான் கேக்கல. நீரும் கேக்காதேயும். "இதுல இருந்து நமக்குத் தெரியும் நீதி என்ன?"ன்னு கேக்கிற வியாதி உங்க வர்க்கத்துக்கே இருக்கு. அதைக் கேட்ட உடனே பிள்ளை கவிதையை விட்டுட்டு நீதியை எழுத ஆரம்பிச்சிரும்.

விடுகதையை மறந்துட்டீரே! தொல்காப்பியத்துலயே பிசின்னு அதுக்கு இடம் போட்டு வச்சிருக்காகன்னு புலவரு ஒருத்தரு எனக்குச் சொன்னாரு. அவ்வளவு பழைய சரக்கு. நீரு என்ன செய்யுதீரு? புத்தகத்துல இருக்கிற பத்து விடுகதையைக் கேட்டு, பதிலை மனப்பாடம் பண்ணச் சொல்லுதீரு. அதை விட்டுட்டு பிள்ளைகளைப் போடச் சொல்லும். ஒரு பொருளை மனசுல வச்சுக்கிடணும், பேரைச் சொல்லக் கூடாது, அது செய்யுறதை மட்டும் சொல்லணும். அதுக்குப் பேருதான வே கவிதை? போன வாரம் சாவடியில பிள்ளைகளை உக்கார வச்சு இதைத்தான் விளையாடினோம். ஒரு வாண்டு போட்டுச்சு: "காலையில வரும்போது பளபளப்பு, சாயங்காலம் போகும்போது சுண்ணாம்பு. யாரு?" ஒருத்தருக்கும் தெரியல. கடைசியில அதுவே சொல்லுச்சு, "எங்க சாரு." உம்ம சட்டையைக் குனிஞ்சு பாக்காதேயும், இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு.

பொய் சொல்லுறதுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கும். சிரிக்காதேயும். மதுரையில இங்கிலீஷ் படிக்கிற என் பேத்தி சொன்னா, நியூயார்க்குல கென்னத் கோக்னு ஒரு கவிஞரு 1968-ல பி.எஸ். 61-ங்கிற ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குப் போயி இதைத்தான் பண்ணினாராம். எல்லா வரியும் "எனக்கு ஆசை"ன்னு தொடங்கணும். வரிக்கு வரி ஒரு நிறம் வரணும், ஒரு ஊரு வரணும், படக்கதையில வாற ஆளு ஒருத்தன் வரணும். எதுகை மோனை வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஒரு வரி எழுதி, அத்தனையும் சேத்து வாசிச்சா அது வகுப்போட பாட்டு. அப்புறம் பொய்யா எழுதச் சொன்னாரு, கனவை எழுதச் சொன்னாரு. 1970-ல அதையெல்லாம் புத்தகமாப் போட்டாரு. 'ஆசைகள், பொய்கள், கனவுகள்'னு பேரு. பேருலயே பொய்யை வச்ச தைரியத்தைப் பாரும்! இங்கன நான் சோதிச்சுப் பாத்தேன். "நேத்து எங்க கம்மாய்க்குக் கப்பல் வந்துச்சு. தண்ணி இல்லாததால நடந்து வந்துச்சு"ன்னான் ஒருத்தன். கரிசக்காட்டுல பிறந்த பயலால தான் அந்தப் பொய்யைச் சொல்ல முடியும். பக்கத்துல இருந்த பொட்டப்பிள்ளை விடல: "மேகம் வந்து 'உள்ளேன் ஐயா' சொல்லிட்டுப் போயிருச்சு. மழை ஆப்சென்ட்"டுன்னா. கலெக்டருக்கு அனுப்புற வறட்சி அறிக்கையில இதைச் சேத்தா நிவாரணம் சீக்கிரம் வரும்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

எதுகைக்கு வாறேன். உமக்கு அது இல்லாட்டா தூக்கம் வராதுன்னு தெரியும். மாடுன்னு எழுதினா காடு வரணும், காடு வந்தா ஓடு, ஓடு வந்தா ஆடு. நாலாவது வரியில அந்த மாடு எதுக்கு வந்துச்சுன்னு மாட்டுக்கே மறந்து போகும். நான் ஓசைக்கு விரோதி இல்ல. இடைவேளையில மைதானத்துக்கு வந்து நில்லும். பயலுவ மூச்சுப் பிடிச்சுச் சடுகுடு பாடுதான், பொட்டப்பிள்ளைக கையைத் தட்டிக்கிட்டே பாட்டுக் கட்டுதுக. தாளம் ஒரு இடத்துல இடறாது. யாப்பருங்கலக்காரிகை படிச்சுட்டா வந்தாக? ஓசையை வெளிய ஆடிப் பழகட்டும், பாடிப் பழகட்டும். தாள்ல எழுதும்போது மனசுல இருக்கிறதை எழுதட்டும். ரெண்டும் என்னைக்காவது ஒருநாள் தானாச் சந்திச்சுக்கிடும், நீரு தரகு பாக்க வேண்டாம்.

அந்தச் சிவப்புப் பேனா விசயத்தையும் பேசிருவோம். போன மாசம் ஒரு பய, "கரட்டான் என்னைப் பாத்துத் தலையாட்டுச்சு. நான் எதுவும் கேக்கலையே"ன்னு எழுதியிருந்தான். நீரு கரட்டானை அடிச்சுட்டு ஓணான்னு எழுதினீரு. பாத்து-வை அடிச்சுப் பார்த்து. கேக்கல-வை அடிச்சுக் கேட்கவில்லை. ஆறு இடத்துல சிவப்பு. பய அதைப் பாத்துட்டு என்கிட்ட வந்து, "தாத்தா, என் கரட்டானை சாரு கொன்னுட்டாரு"ன்னான். ல, ள, ழ எல்லாம் அவசியம்தான். அதுக்கு டிக்டேஷன் இருக்கு, காப்பி நோட்டு இருக்கு, வருசம் முச்சூடும் இருக்கு. கவிதை நோட்டை மட்டும் விட்டுரும். கடைசியில சுவத்துல ஒட்டுறதுக்குப் படியெடுக்கும்போது, பக்கத்துல உக்காந்து, "இதை இப்படி எழுதுவாக"ன்னு காதோட சொல்லும். கரட்டான் கரட்டானாவே இருக்கட்டும்.

பரிசையும் நிறுத்திப் பாரும். காளமேகப் புலவரை யமகண்டத்துல ஏத்தின கதை உமக்குத் தெரியும். திருமலைராயன் சபை, கீழே கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரை, சுத்தி யானை, உடம்பெல்லாம் கத்தி. பாட்டு இடறினா ஆளு காலி. அதுலயும் அவரு பாடிட்டாரு, ஏன்னா அவரு காளமேகம். வட்டார அளவுப் போட்டியில நம்ம பிள்ளையை ஏத்துதீரே, அது என்ன? முன்னால மூணு நடுவரு, மேசையில கடிகாரம், ஜன்னல்ல அம்மா. ஒருத்தனுக்கு டிபன் பாக்ஸ் கிடைக்கும், மிச்ச இருபத்தொன்பது பேரும் தனக்குக் கவிதை வராதுன்னு வீட்டுக்குப் போவாக. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மரத்தடியில உக்கார வச்சு, இஷ்டப்பட்டவுக வாசிக்கட்டும். இஷ்டப்படாதவன் கேக்கட்டும். கேக்கிறவன் கெட்டிக்காரன், அவனை நம்பித்தான் புலவன் பிழைக்கான்.

ஒண்ணை மட்டும் விளையாட்டில்லாமச் சொல்லுதேன். கதவைத் திறந்து விட்டா எல்லாம் உள்ள வரும். ஒரு பிள்ளை, அப்பா ராத்திரி எப்படி வீட்டுக்கு வாறாருன்னு எழுதும். இன்னொண்ணு, செத்துப்போன பாட்டியோட கட்டில்ல யாரும் படுக்கிறதில்லைன்னு எழுதும். அதைச் சபையில வாசிக்கச் சொல்லாதேயும். சுவத்துல ஒட்டாதேயும், ஸ்டாஃப் ரூமுல காட்டாதேயும். வாசிச்சேன்னு அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிட்டுத் தாளை அது கையிலயே கொடுத்துரும். அடிபட்ட விசயம்னு தெரிஞ்சா அப்போ நீரு கவிதை வாத்தியாரு இல்ல, பெரிய மனுசன். அதுக்குத் தக்கன செய்யும்.

கடைசியா ஒரு தண்டனை. வாரம் ஒண்ணு நீரும் எழுதணும். போர்டுல, பிள்ளைகளுக்கு முன்னால, அடிச்சு அடிச்சுத் திருத்தி எழுதணும். பெரியவுகளுக்கும் வரி லேசுல வராதுங்கிறதை அதுக பாக்கணும். நிலா, தென்றல், வானவில்னு ஆரம்பிச்சீருன்னா அந்தச் சுண்ணாம்பு விடுகதைக்காரி, "சார், இதை எல்லாம் நீங்க எங்க பாத்தீக?"ன்னு கேப்பா. கேட்டா முழிக்காம பஸ்ஸைப் பத்தி எழுதும். தினமும் தொங்கிக்கிட்டு வாறீரு, கால் மிதிபட்டது உமக்குத் தெரியும்.

நோட்டுச் செலவு என்னோடது. ஆளுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு, கோடு போடாதது. ட்யூப்லைட்டுல வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயம்னு பேரு எழுதுற ஊரு இது, அதனால முன்கூட்டியே சொல்லிருதேன்: அட்டையில என் பேரு வேண்டாம். உள்ள தாராளமா வரட்டும். நான் குறட்டை விடுறதை எழுதினாலும் சரி, கிழவிகிட்ட வாங்குற ஏச்சை எழுதினாலும் சரி, மரியாதைன்னு சொல்லி அதையெல்லாம் அடிச்சுராதேயும். சுகர் மாத்திரையைப் போட்டுட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல நான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் திங்கிறதை ஒரு பய பாத்துட்டான். அதை எழுதிக்கிட்டு இருக்கான்னும் கேள்விப்பட்டேன். நல்லா வந்திருந்தா வாசிக்கட்டும். ஆனா அந்த வெள்ளிக்கிழமை மட்டும் என் மருமகளைப் பெற்றோர் கூட்டம்னு சொல்லிக் கூப்பிட்டு வச்சிராதேயும்.